எல்லைக்கு அப்பால் ஒரு கந்தோர்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்பது நம்மவர் முதுமொழி. அந்த உத்தியோகம் வீட்டிலிருந்து எத்தனை மைல் தூரத்தில் இருக்கலாம் என்பதைப் பற்றி முதுமொழி ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தவராகிய நாமும் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவர்கள் அல்லர். கொழும்பு, கண்டி, மலாயா, சிங்கப்பூர் என்று வேலை கிடைத்த இடத்துக்கெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட பரம்பரை நம்முடையது.

சென்ற மாதம் என் மகள் என்னிடம் ஓர் ஆலோசனை கேட்டாள். அவளுக்கு இப்பொழுது இருபத்துநான்கு வயது. அமெரிக்காவில், பொஸ்டன் நகரத்தில் உத்தியோகம். நகரத்தில் வீட்டு வாடகை தாங்க முடியவில்லை என்றும், எல்லைக்கு அப்பாலுள்ள நாஷுவாவிலே சிறிய வீடு ஒன்று வாங்கி, அங்கிருந்து தினமும் மோட்டார் வண்டியில் வந்து போகலாமா என்றும் கேட்டாள். "நீங்கள் பன்னிரண்டு வருஷம் ஓடினீங்கள்தானே அப்பா, உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

அவளுக்கு உடனே மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். அந்த யோசனையின் விளைவே இக்கட்டுரை. பிள்ளைகளும் மருமக்களும் தூர தேசங்களில் வீடு தேடும் இக்காலத்தில், வேறு சில குடும்பங்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் இடத்தை விளக்கிவிடுகிறேன். ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மசச்சூசெற்ஸ் என்றொரு மாநிலம் உண்டு. அதன் தலைநகரம் பொஸ்டன். அதற்கு வடக்கே நியூ ஹாம்ஷயர் மாநிலம். இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை ஒட்டினாற்போல நாஷுவா, சேலம் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. நாஷுவாவிலிருந்து பொஸ்டன் ஏறக்குறைய 40 மைல். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி வரை தினமும் காலையில் போய் மாலையில் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள், தூரம் விளங்கிவிடும்.

2006 ஆம் ஆண்டில் நாங்கள் நாஷுவாவில் வீடு வாங்கினோம். என் கந்தோர் பொஸ்டனில். மனைவி தாதியாகையால் எந்த ஊரிலும் அவளுக்கு வேலை கிடைத்தது. மகளுக்கு அப்பொழுது ஐந்து வயது. பொஸ்டனில் ஒரு சிறு குடியிருப்புக்குக் கேட்ட விலைக்கு நாஷுவாவிலே முற்றமும் இரண்டு மேப்பிள் மரங்களும் உள்ள வீடு கிடைத்தது. வளவும் கிணறும் வேலியும் கண்டு வளர்ந்தவனுக்கு முற்றம் என்ற சொல்லே ஒரு மயக்கம். வேறு எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

இன்னொரு மயக்கமும் இருந்தது. நியூ ஹாம்ஷயரில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. கடைச் சாமான்களுக்கு விற்பனை வரியும் இல்லை. இதைக் கேட்ட நண்பர்கள் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். நானும் நம்பினேன். ஆனால் மசச்சூசெற்ஸில் உழைக்கும் பணத்துக்கு, உழைப்பவன் எங்கே படுத்து உறங்கினாலும், மசச்சூசெற்ஸ் தன் வரியை எடுத்துக்கொள்ளும். அப்பொழுது அது நூற்றுக்கு 5.3. வருமான வரி வாங்காத நியூ ஹாம்ஷயரோ, வீட்டின் மீதும் நிலத்தின் மீதும் விதிக்கும் வரியிலே அமெரிக்காவின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம். ஆகவே உழைக்கும் இடத்தில் ஒரு வரியும் உறங்கும் இடத்தில் ஒரு வரியுமாக இரண்டையும் நான் கட்டினேன். கணக்கு எழுதிப் பிழைப்பவனாகிய எனக்கே இது வீடு வாங்கிய பிறகுதான் உறைத்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வரியின் பொருட்டு மனிதர் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு நாஷுவாவின் தென்னெல்லையிலே ஒரு சாட்சி உண்டு. பெசன்ற் லேன் என்னும் பெரிய கடைத்தொகுதி 1986 இல் அங்கே திறக்கப்பட்டது. கட்டடம் நியூ ஹாம்ஷயரில் நிற்கிறது. வண்டிகள் நிறுத்தும் இடத்தின் ஒரு பகுதி மசச்சூசெற்ஸில் கிடக்கிறது. கட்டடத்தின் ஒரு மூலை எல்லைக்கோட்டைத் தொட்டுவிடக் கூடாதென்று அந்த மூலையையே சாய்வாக வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். மகளை அங்கே கூட்டிச் செல்லும்போது அவள் ஒரு காலை ஒரு மாநிலத்திலும் மறு காலை மற்ற மாநிலத்திலும் வைத்து நின்று காட்டுவாள். எனக்குச் சிரிப்பு வரும். நானும் அப்படித்தானே நிற்கிறேன் என்ற எண்ணமும் கூடவே வரும்.

இனிப் பிரயாணத்தைச் சொல்லுகிறேன். காலை ஆறே முக்காலுக்கு வண்டியை எடுப்பேன். மூன்றாம் இலக்கப் பெருஞ்சாலை வழியே தெற்கு நோக்கிப் போனால் சில நிமிடங்களில் எல்லை வந்துவிடும். அங்கே தடையுமில்லை, காவலுமில்லை. வரவேற்புப் பலகை ஒன்றுதான். நம் நாட்டில் ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்ற அனுபவம் உள்ள ஒருவன், எல்லை என்று பெயர் பெற்ற ஓரிடத்தை அறுபது மைல் வேகத்தில் கடந்து போவது முதலில் வியப்பாகத்தான் இருந்தது. பின்னர் பழகிவிட்டது.

எல்லை கடந்தால் லோவல் நகரம் ஒரு பக்கமாக ஒதுங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சாலைகளால் பெயர்பெற்ற ஊர் அது. 1830 களிலும் 40 களிலும் நியூ ஹாம்ஷயரின் கமக்காரக் குடும்பங்களிலிருந்து இளம் பெண்கள் வந்து அவ்வாலைகளில் நூல் நூற்றார்கள். வந்தவர்கள் ஆலைகளின் விடுதிகளிலேயே தங்கி, மிச்சம் பிடித்த பணத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலைக்காக எல்லை தாண்டுவது அந்த வழியில் புதிய வழக்கமன்று என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

லோவலைத் தாண்டியதும் வண்டிகள் நெருங்கத் தொடங்கும். இரண்டு தடங்களாக இருந்த அச்சாலையை, நாங்கள் குடிபுகுவதற்குச் சற்று முன்னர்தான் மூன்று தடங்களாக அகலப்படுத்தியிருந்தார்கள். அகலமான சாலையை நம்பி என்னைப்போலப் பலர் வடக்கே வீடு வாங்கியிருக்க வேண்டும். சில வருடங்களில் மூன்று தடங்களும் நிறைந்தன. பேர்லிங்ரனில் நகரத்தைச் சுற்றி ஓடும் வளையச் சாலையிற் சேர்ந்து, வோபர்னில் 93 ஆம் இலக்கச் சாலைக்குத் திரும்பி, அங்கிருந்து ஊர்ந்து ஊர்ந்து நகரத்துக்குட் புக வேண்டும். கடைசி மைல்களில் இருவரோ அதற்கு மேற்பட்டவரோ ஏறிய வண்டிகளுக்கென ஒரு தனித் தடம் இருந்தது. அது பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கும். மற்றத் தடங்களில் ஒருவர் வண்டிக்கு ஒருவராக ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது வாசிக்கக் கிடைப்பது முன்னால் நிற்கும் வண்டியின் இலக்கத் தகடு மாத்திரமே. நியூ ஹாம்ஷயர்த் தகடுகளில் ஒரு வாசகம் பொறித்திருக்கும்: "சுதந்திரமாய் வாழ், இன்றேல் மடி." ஜோன் ஸ்ராக் என்னும் தளபதி 1809 இல் எழுதிய சொற்கள் அவை. மடிவதில் தமக்கு விருப்பமில்லை என்று அவ்வாசகத்தை மறைத்த மேனாட் என்பவர் தண்டிக்கப்பட்டு, வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போய், 1977 இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. அத்தகடுகளைச் செய்பவர்கள் அம்மாநிலச் சிறையிலுள்ள கைதிகள். இவற்றையெல்லாம் நான் அறிந்துகொண்டதே, அந்த வாசகத்தை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தபடியால்தான்.

காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒன்றரை. வீட்டுக்கு வந்து சேர ஏழு மணியாகிவிடும். மாரிகாலத்தில் அங்கே நாலேகால் மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். இருளிற் புறப்பட்டு இருளில் திரும்புவேன். சாப்பிட்டுக் கைகழுவும்போது பிள்ளை நித்திரைக்குப் போகும் நேரம் வந்துவிடும்.

என் தகப்பனார் கொழும்பில் அரசாங்க லிகிதராக இருந்தவர். வெள்ளிக்கிழமை இரவு மெயில் வண்டியில் ஏறிச் சனிக்கிழமை காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்குவார். ஞாயிறு இரவு திரும்புவார். அதுவும் எல்லாக் கிழமையும் இல்லை. மற்ற நாட்களில் நண்பர்கள் நால்வரோடு ஒரு வாடகை அறையில் சீவியம். சிறு வயதில் இதைப் பற்றி எனக்கு ஆறாத மனக்குறை இருந்தது. என் பிள்ளைக்கு நான் அப்படி இருக்க மாட்டேன், ஒவ்வொரு நாளும் என் வீட்டிலேயே படுப்பேன் என்று எண்ணிக்கொண்டேன். எண்ணியபடியே ஒவ்வொரு நாளும் வீட்டிலேதான் படுத்தேன். படுக்க மாத்திரம் வந்தேன் என்பதைக் கவனிக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

2007 டிசெம்பர் 13, வியாழக்கிழமை. பொஸ்டன் வாசிகள் பலருக்கு அந்த நாள் இன்னும் நினைவிருக்கும். நண்பகலளவில் பனி கொட்டத் தொடங்கியது. கந்தோர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடி, எல்லோரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்பின. வீதிகள் அடைத்துக்கொண்டன, பனியை ஒதுக்கும் வண்டிகள்கூட அந்த நெரிசலிற் சிக்கி அசைய முடியாமல் நின்றன. நான் ஒன்றரை மணிக்குக் கந்தோரை விட்டேன். வழமைப்படி மூன்று மணிக்கு வீடு சேர்ந்திருக்க வேண்டும். நான்கு மணிக்கு நான் நகர எல்லையைக்கூடத் தாண்டவில்லை.

அன்று மனைவிக்கு மாலை வேலை. மூன்று மணியிலிருந்து பதினொரு மணி வரை அவள் நோயாளரை விட்டு அசைய முடியாது. மகள் பாடசாலை முடிந்தபின் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் ஓரிடத்தில் இருந்தாள். அதை ஐந்தரைக்கு மூடுவார்கள். வண்டியிலிருந்து அங்கே பேச முயன்றேன், தொடர்பு கிடைக்கவில்லை. பலமுறை முயன்று ஈற்றில் எங்கள் அயல்வீட்டு மூதாட்டியின் இலக்கத்துக்கு அழைத்தேன். அவர் இளைப்பாறிய ஆசிரியை, எழுபது கடந்தவர், தனியே இருப்பவர். அவசரத்துக்கென்று அவர் பெயரையும் பிள்ளையை அழைத்துவர உரிமையுள்ளவர் பட்டியலில் கொடுத்து வைத்திருந்தோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. விஷயத்தைச் சொல்லிப் பதிவு செய்து வைத்தேன். அத்தோடு என் தொலைபேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டது.

அதன்பின் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் எனக்கு ஒரு செய்தியும் தெரியாது. முன்னால் சிவப்பு விளக்குகள். கண்ணாடியிலே பனி. எரிபொருள் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. கதவு பூட்டிய ஓரிடத்தின் வாசலிலே ஆறு வயதுப் பிள்ளை நிற்பது போன்ற காட்சி மீண்டும் மீண்டும் என் முன்னே வந்தது. அப்படி எந்தப் பிள்ளையையும் அவர்கள் வெளியே விடமாட்டார்கள் என்று புத்தி சொன்னது. மனம் கேட்கவில்லை. முற்றத்தையும் இரண்டு மேப்பிள் மரங்களையும் அன்று நான் நொந்துகொண்டது போல என்றும் நொந்ததில்லை.

எட்டு நாற்பதுக்கு வீடு வந்தேன். வீடு இருண்டிருந்தது. அயல்வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. கதவைத் தட்டினேன். மகள் மேசையருகே இருந்து அந்த அம்மையாருடன் சீட்டாடிக்கொண்டிருந்தாள். அம்மையார் பதிவைக் கேட்டதும், பனிச்சப்பாத்தை மாட்டிக்கொண்டு, தம் பேரனுடைய பழைய சறுக்குவண்டியைக் கயிற்றிற் கட்டி இழுத்தபடி அரை மைல் நடந்து சென்று, பிள்ளையை அதில் வைத்து இழுத்து வந்திருந்தார். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "முதலில் உட்கார்ந்து சூப்பைக் குடியுங்கள்" என்றார்.

அந்த வார இறுதியில் அப்பாவோடு தொலைபேசியில் பேசினேன். அவர் அப்பொழுது வெள்ளவத்தையில் என் தங்கையோடு இருந்தார். ஏழு மணித்தியாலம் பனியிலே கிடந்த கதையை விரிவாகச் சொல்லி, இந்த ஊர் சீவியம் ஒரு சீவியமா என்று புலம்பினேன். அப்பா குறுக்கிடாமற் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "வீட்டை போய்ச் சேர்ந்திட்டாய்தானே, தம்பி?" என்றார்.

"ஓம் அப்பா."

"பிள்ளை சுகமாய் இருக்கிறாள்தானே?"

"ஓம்."

"அப்ப சரி."

தொலைபேசியை வைத்த பின்னர்தான் எனக்கு உறைத்தது. 2006 ஆகஸ்ட் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான கண்டி வீதி மூடப்பட்டது. தங்கையைப் பார்க்கவென்று அதற்கு முந்திய மாதம் கொழும்புக்கு வந்திருந்த அப்பா, பதினாறு மாதங்களாகத் தம்முடைய வீட்டுக்குத் திரும்ப முடியாமல் இருந்தார். கிழமைதோறும் இரவு முழுதும் ரயிலிலிருந்து அந்த வீட்டுக்குப் போய் வந்த மனிதர் அவர். அவரிடம்தான் நான் ஏழு மணித்தியாலத் தாமதத்தை முறையிட்டேன்.

அடுத்த ஞாயிறு நானே அழைத்தேன். என் பிரயாணத்தைக் குறைக்க வழி தெரியவில்லை என்று ஒளிக்காமற் சொன்னேன். அப்பா சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் கிழமையைக் கந்தோருக்கு விட்டிட்டன், சனி ஞாயிறை வீட்டுக்கு வைச்சன். அந்த ரெண்டு நாளும் நான் ஒரு அலுவலுக்கும் வெளிய போகேல்லை. நீ ஒவ்வொரு நாளையும் ரெண்டாய்ப் பிரிக்கப் பாக்கிறாய். பிரிக்கிறதெண்டால் வீட்டுக்குரிய பாதி எது எண்டு முதலில் தீர்மானி."

அப்பா வீட்டுக்கு வந்த சனிக்கிழமைகளை அதன்பின் நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. கிணற்றடி, வேலியடைப்பு, எங்கள் பாடக்கொப்பிகள், மாலையில் கோயில் என்று அந்த இரண்டு நாட்களும் அவர் எங்களோடுதான் இருந்தார். அவர் இல்லாத நாட்களை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, இருந்த நாட்கள் கண்ணிற் படவில்லை.

நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நாளுக்கு இரண்டரை மணித்தியாலம். கிழமைக்கு ஐந்து நாள். வருடத்துக்கு 48 கிழமை. ஆக 600 மணித்தியாலம், அதாவது முழுதாக 25 நாட்கள். வருடத்தில் 25 நாட்களை இராப்பகலாக வண்டிக்குள்ளே செலவழிக்கிறேன். நான் அறிந்த எந்த வரியும் இந்த வரிக்கு ஈடாகாது.

கணக்கை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். காலை ஏழு மணிக்கு வந்து மூன்றரைக்குப் போக அனுமதி கேட்டேன். எளிதிற் கிடைக்கவில்லை, இரண்டு மாதம் பிடித்தது. அதிகாலை ஐந்தரைக்கு வீட்டை விட்டால் சாலை வெறுமை. பிற்பகலிலும் நெரிசல் முற்றுமுன் நகரத்தைத் தாண்டிவிடலாம். கிழமையில் இரண்டு நாள் வேறு வழியைக் கைக்கொண்டேன். லோவல் வரை வண்டியில் போய், அங்கிருந்து புகையிரதம். பொஸ்டனுக்கும் லோவலுக்கும் இடையில் 1835 இலேயே புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் அது நாஷுவா வழியாக வடக்கே கொன்கோட் வரை பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. 1967 இல் அச்சேவை நின்றது. 1980 இல் மீண்டும் ஓடவிட்டுப் பார்த்து அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் மாத்திரம் எங்கள் ஊரில் மிச்சமாய்க் கிடந்தது. புகையிரதத்தில் நேரம் குறையவில்லை. ஆனால் அப்பாவைப்போல நானும் பிரயாணத்தில் புத்தகம் வாசித்தேன்.

புதிய ஒழுங்கு தொடங்கிய முதற் கிழமை, மார்ச் மாதத்தில் ஒரு நாள், ஐந்து மணிக்கு முன்னே வீடு வந்து சேர்ந்தேன். வெயில் இன்னும் இருந்தது. முற்றத்தில் உருகியும் உருகாமலும் கிடந்த பனியிலே மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். வண்டியைக் கண்டதும் நின்று பார்த்தாள். பிறகு வீட்டுக்குள்ளே ஓடி, "அம்மா, அப்பா இண்டைக்கு வெளிச்சத்தோட வந்திட்டார்!" என்று கத்தினாள்.

2018 வரை அப்படியே ஓடினேன். பன்னிரண்டு வருடங்களில் ஏறக்குறைய 2,30,000 மைல். பூமியிலிருந்து சந்திரன் சராசரி 2,39,000 மைல். பின்னர் நாஷுவாவிலேயே சிறிய உத்தியோகமொன்று கிடைத்தது, சம்பளம் குறைவுதான். 2020 இல் கொள்ளைநோய் வந்து எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்தபோது, எல்லைக்கு வராமலே வேலை செய்பவர்களிடமும் மசச்சூசெற்ஸ் வரி வாங்கியது. நியூ ஹாம்ஷயர் அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாடியது. 2021 ஜூனில் நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. அச்செய்தியைப் பத்திரிகையில் வாசித்தபோது அப்பாவின் கேள்வி நினைவுக்கு வந்தது: வீட்டுக்குரிய பாதி எது?

அப்பா 2010 இல் ஊருக்குத் திரும்பினார். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் ஓடியபோது, நிலையத்துக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாராம். ஏறவில்லையா என்று கேட்டேன். "நான் வீட்டிலைதானே இருக்கிறன், இனி எங்கை போக?" என்றார். இரண்டு வருடத்தின் பின் காலமானார்.

மகளிடம் சென்ற ஞாயிறு பேசினேன். வரிக் கணக்கு முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். வீடு வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜனவரி மாதத்தில் ஒரு கிழமை நாஷுவாவிலே தங்கி, தினமும் அந்தச் சாலையில் போய் வந்து பார்த்துவிட்டுப் பிறகு தீர்மானிக்கச் சொன்னேன். கந்தோரில் நேரத்தை மாற்றித் தருவார்களா என்பதை வீடு வாங்குவதற்கு முன்னரே கேட்கும்படியும், அயலிலே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும்படியும் சொன்னேன்.

அந்தப் பனி இரவு உனக்கு நினைவிருக்கிறதா என்றும் கேட்டேன். இத்தனை வருடமும் கேட்கத் துணியாத கேள்வி அது. "ஓம், சறுக்குவண்டியில வந்தது. நல்ல சூப்" என்றாள். என்னைக் காணாமல் பயந்தாயா என்றேன். "இல்லை அப்பா. நீங்கள் எப்படியும் இருட்டினாப் பிறகுதானே வாறனீங்கள்" என்றாள்.

ஜனவரியில் அவள் வருகிறாள். அறையை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறோம்.